மிளகாயின் வாயும் பெட்டிக் கிட்டாரும்

மிளகாய் என்பது அவளுடைய சொந்தப் பெயர் அல்ல. ஆனால் பள்ளிக்கூடத்தில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரை இப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவளும் மற்றவர்களோடு சேர்ந்து தேடுவாள். ஆள் சிறியவள், வாய் காரம். அதனால் மிளகாய்.

வகுப்பில் எல்லோருக்கும் பெயர் வைப்பது அவள் வேலை. அந்த வேலையை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டாள். ஓயாமல் கொட்டாவி விடுகிறவனுக்கு 'குகை'. வெயிலோ மழையோ, குடையில்லாமல் வராதவளுக்குக் 'காளான்'. சட்டைப் பையில் எப்போதும் அளவு நாடா வைத்திருக்கும் தையல்காரர் மகனுக்கு 'டேப்பு'.

டேப்புக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்திருந்தது. "டேப்பு, இந்த பெஞ்சு எவ்ளோ நீளம்?" என்று யாராவது கேட்டால் போதும், நாடாவை உருவி அளந்து சொல்லிவிடுவான். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வான்.

டேப்பும் மிளகாயும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் பேசுவாள். அவன் கேட்பான். அவள் மூச்சு வாங்குகிற இடைவெளியில் அவன் "ம்" என்று சொல்வான். அவர்களுடைய நட்புக்கு அந்த "ம்" போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் டீச்சர் புத்தகத்தை மூடிவிடுவார். யார் வேண்டுமானாலும் முன்னால் வந்து தனக்குத் தெரிந்த எதையாவது செய்து காட்டலாம். குகை காதை ஆட்டிக் காட்டியிருக்கிறான். காளான் பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறாள். டேப்பு மட்டும் இதுவரை போனதே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவன் எழுந்து போனான். கையில் ஒரு பெரிய துணிப்பை.

"எங்கிட்டகூட சொல்லல" என்று மிளகாய் முணுமுணுத்தாள்.

பையிலிருந்து அவன் எடுத்தது ஒரு கிட்டார். கடையில் தொங்குகிற பளபளப்பான கிட்டார் இல்லை. அவனே செய்தது.

"இது சுருட்டுப் பெட்டி" என்று அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். "சுருட்டு எல்லாம் யாரோ பிடிச்சு முடிச்சுட்டாங்க. எங்க கடையில அப்பா இதுல பட்டன் போட்டு வெச்சிருந்தாரு. இந்த நீளக் கட்டை, உடைஞ்ச கட்டிலோட சட்டம். பெட்டியோட ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு உள்ள நுழைச்சிருக்கேன். கம்பி மூணும் பாட்டு சார் தூக்கிப் போட்டது."

"அந்த மஞ்சக் கட்டை என்னது?" என்று காளான் கேட்டாள்.

"இதுமேலதான் கம்பி உக்காரும். இதுக்குப் பேரு குதிரை. நான் பழைய டூத் பிரஷ்ஷோட கைப்பிடியத் தேய்ச்சு வெச்சேன்."

பெட்டியின் மூடியில் ஒரு படம் அச்சாகியிருந்தது. தொப்பி போட்ட, பெரிய மீசை வைத்த ஒருவர். அவர் தோளுக்குப் பக்கத்தில் டேப்பு வட்டமாக ஒரு ஓட்டை போட்டிருந்தான். சத்தம் வெளியே வருவதற்கு.

அவன் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைத் தட்டினான்.

டொய்ங்... உர்ர்ர்ர்.

இன்னொன்று. டொய்ங்... உர்ர்ர்ர்.

அது ஒரு சின்ன மெட்டு. அவனே போட்டது. ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் அந்த உர்ர் வால் பிடித்துக்கொண்டே வந்தது. மெட்டு முடிந்தது. அவன் கண்ணைத் திறப்பதற்குள் மிளகாயின் வாய் திறந்துவிட்டது.

"சீக்கிரம் பெட்டியத் தொறந்து விடுடா. உள்ள ஈ மாட்டிக்கிச்சு."

வகுப்பு வெடித்தது. குகை சிரித்துச் சிரித்து பெஞ்சிலிருந்து சரிந்தான். டீச்சர்கூட எழுதுவதற்கு எதுவும் இல்லாத கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

டேப்பும் சிரித்தான். மிளகாய் அதைப் பார்த்தாள். அதனால்தான் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

மணி அடிப்பதற்குள் டேப்பு 'ஈப்பெட்டி' ஆகிவிட்டான். திங்கட்கிழமை அவன் வகுப்புக்குள் வந்ததும் பின் பெஞ்சு முழுக்க "உர்ர்ர்" என்றது. மதியம் வேறு வகுப்புப் பிள்ளைகள்கூட வந்து "இங்க ஈப்பெட்டி யாரு?" என்று கேட்டார்கள்.

"டேய், அது பேரு இல்ல. சும்மா ஒரு ஜோக்கு" என்று மிளகாய் சொல்லிப் பார்த்தாள்.

"நீ வெச்ச பேருதான?" என்றான் குகை. "நீ வெச்சா ஒட்டிக்கும்."

அதில் அவளுக்கு எப்போதும் பெருமைதான். அன்றைக்கு மட்டும் பெருமைப்பட முடியவில்லை.

டேப்பு கோபப்படவில்லை. சண்டை போடவில்லை. அளவு நாடாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் புத்தகப் பையின் அடியில் போட்டான். மிளகாய் பேசினாள். மூச்சு வாங்கினாள். அந்த இடைவெளியில் "ம்" வரவில்லை.

கிட்டாரை அவன் வீட்டுக்கே கொண்டுபோகவில்லை. வகுப்பு அலமாரியின் மேல், காலொடிந்த உலக உருண்டைக்குப் பக்கத்தில் அது கிடந்தது.

"எடுத்துட்டுப் போகலையா?"

"வீட்டுல எடமில்ல."

"அவ்ளோ பெருசா அது?"

 எதையும் அளந்து சொல்கிறவன், அன்றைக்கு அளக்கவே இல்லை.

மிளகாயின் அம்மா பேருந்துகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் மெக்கானிக். அங்கே அவருக்குப் பெரிய பெயர். வண்டியில் என்ன கோளாறு என்று பார்த்துக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. அம்மா கேட்டுக் கண்டுபிடிப்பார். நீளமான திருப்புளி ஒன்றின் முனையை ஓடுகிற எஞ்சினில் வைப்பார். கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வார். உள்ளே எந்த மூலையில் என்ன முனகுகிறது என்பது அப்படியே காதுக்கு ஏறி வந்துவிடும்.

மிளகாய்க்கும் அந்த வித்தை தெரியும். பள்ளி விட்டதும் பட்டறையில்தான் அம்மாவுக்காகக் காத்திருப்பாள். சும்மா காத்திருக்க முடியாது என்பதால், தனக்கென்று ஒரு பழைய திருப்புளியை வைத்துக்கொண்டு குளிர்பெட்டி, குழாய், பக்கத்து வீட்டு நாயின் வயிறு என்று எல்லாவற்றையும் கேட்டுவைத்திருந்தாள். நாய் மட்டும் ஒத்துழைக்கவில்லை.

'உர்ர் சத்தம்தான பிரச்சினை? சத்தத்த எடுத்துட்டா பேரும் போயிடும்.' இதுதான் அவள் போட்ட கணக்கு.

"டீச்சர், அந்தக் கிட்டார நான் எடுத்துட்டுப் போகட்டுமா?"

"அவன்கிட்ட கேட்டியா?"

"ம்ம்" என்றாள் மிளகாய். அது ஆமாம் என்றும் கேட்கும், இல்லை என்றும் கேட்கும் ஒரு "ம்ம்".

பட்டறையின் மூலையில் ஒரு டயர் மேல் கிட்டாரை வைத்தாள். இடது கையால் கம்பியைத் தட்டினாள். வலது கையில் திருப்புளி. மூடியில் வைத்துக் கேட்டாள். பக்கவாட்டில் வைத்துக் கேட்டாள். ஓரத்தில், மூடியையும் பெட்டியையும் சேர்க்கிற குட்டிக் கீலில் வைத்தபோது காதுக்குள் ஒரு வண்டே புகுந்ததுபோல் இருந்தது.

"மாட்டிக்கிட்டியா" என்றாள்.

அம்மா கையைத் துடைத்தபடி அந்தப் பக்கமாக வந்தார். "என்ன பண்ற?"

"சத்தம் போடுதும்மா."

"எங்கயாவது தளந்திருக்கும். இறுக்கிப் பாரு." அடுத்த பேருந்து காத்திருந்தது. அம்மா போய்விட்டார்.

மிளகாய் இறுக்கினாள். கீலை முடுக்கினாள். உர்ர் பாதி குறைந்தது. பாதிக்கு நிறுத்துகிற ஆளா அவள்? கம்பிகளைத் தளர்த்தி மூடியைத் திறந்து, அதன் விளிம்பு முழுக்கப் பசை தடவினாள். உள்ளே ஓடுகிற கட்டில் சட்டமும் மூடியும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இன்னும் கெட்டியாகத் தடவினாள். மூடியை அழுத்துவதற்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று, கிழிந்த பேருந்து இருக்கையின் பஞ்சை எடுத்துப் பெட்டிக்குள் அடைத்தாள். மேலே ஒரு கனமான ஸ்பேனரை ஏற்றிவைத்து இரவு முழுவதும் காயவிட்டாள்.

காலையில் கம்பிகளை மறுபடி முறுக்கித் தட்டி, திருப்புளியை வைத்துக் கேட்டாள். எந்த மூலையிலும் ஒரு முனகல் இல்லை. நன்றாக ஓடுகிற எஞ்சின்கூட இவ்வளவு அமைதியாக இருக்காது.

அன்றைக்கு விடுமுறை. கிட்டாரைத் துணியில் சுற்றிக்கொண்டு தையல் கடைக்கு ஓடினாள். டேப்பின் அப்பா ஒரு திரைச்சீலைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தார். டேப்பு தரையில் உட்கார்ந்து பட்டன்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"வாம்மா மிளகாய்" என்றார் அப்பா. "ரொம்ப நாளா இந்தப் பக்கம் காணோம். கடை அமைதியா இருந்துச்சு."

"கவலப்படாதீங்க மாமா, வந்துட்டேன்." அவள் துணியைப் பிரித்தாள். "டேய், எடு. வாசிச்சுப் பாரு."

டேப்பு கிட்டாரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மெதுவாக எடுத்து மடியில் வைத்துக் கம்பியைத் தட்டினான்.

தப்.

அடுத்த கம்பி. தப்.

மூன்றாவது. தப்.

யாரோ தலையணையைத் தட்டிப் போடுவதுபோல் இருந்தது.

"எங்க போச்சு?" என்று கேட்டான்.

"எது?"

"சத்தம்."

"அதான் எடுத்துட்டேன்ல" என்றாள் பெருமையாக.

"உர்ர் இல்ல. எல்லாச் சத்தமும்."

  உர்ர் இருக்கிறதா இல்லையா என்று மட்டுமே அவள் கேட்டிருந்தாள். டொய்ங் இருக்கிறதா என்று கேட்கவே தோன்றவில்லை. எஞ்சினில் அமைதிதான் ஆரோக்கியம். இது எஞ்சின் இல்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தையல் இயந்திரம் நின்றது. அப்பா மிதியிலிருந்து காலை எடுத்திருந்தார். 

"உன்ன யாரு செய்யச் சொன்னா?" என்றான் டேப்பு. கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் திருப்பிக் கத்தியிருப்பாள். கத்துவதற்குத் தேவையானதெல்லாம் அவளிடம் நிறையவே இருந்தது. மெல்லப் பேசுகிறவனிடம் அவளும் மெல்லத்தான் பேச வேண்டியிருந்தது.

"எல்லாரும் உன்ன... அந்த உர்ர் இல்லன்னா அப்படிக் கூப்பிட மாட்டாங்கன்னு..."

"எனக்கு அந்த உர்ர் பிடிச்சிருந்துச்சு."

"நெஜமாவா?"

"ம். ராத்திரி எல்லாம் அதத்தான் கேட்டுட்டு இருப்பேன். நீ ஈன்னு சொன்ன பிறகு, எனக்கும் ஈ மாதிரிதான் கேட்டுச்சு."

மிளகாய் வீட்டுக்கு நடந்தாள். போகிற வழியில் ஒரு நாய், ஒரு ஐஸ் வண்டி, தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு போன ஒரு பையன் எல்லாம் வந்தன. எதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பிடும்போது அம்மா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "சூடு இல்லையே. ஏன் பேசாம இருக்க?"

"அம்மா, எஞ்சின்ல சத்தம் வந்தா கோளாறு. கிட்டார்ல சத்தம் வந்தா?"

"எனக்கு எஞ்சின்தான் தெரியும்" என்றார் அம்மா. "கிட்டார் தெரிஞ்சவங்கள கேளு."

கிட்டார் தெரிந்தவர்கள் என்று அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒருவன்தான். அவனிடம் அவள் எதையுமே கேட்டதில்லை. சொன்னதுதான் எல்லாம்.

மறுநாள் தையல் கடைக்குப் போகும் வழி முழுவதும் மன்னிப்புக் கேட்பதற்கு ஒத்திகை பார்த்தாள். ஒவ்வொரு வரியிலும் ஒரு ஜோக்கு வந்து ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டாள். கடை வாசலுக்கு வந்தபோது மன்னிப்பு ரொம்பச் சின்னதாகிவிட்டிருந்தது.

"ஈன்னு சொன்னது தப்பு. உன்னக் கேக்காம எடுத்தது அதவிடத் தப்பு."

"ம்" என்றான் டேப்பு.

இது பழைய "ம்" இல்லை. ஆனாலும் ஒரு "ம்".

"உனக்கு எப்படிச் சத்தம் வேணும்?" என்று கேட்டாள்.

அவன் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டு "ம்ம்ங்ங்" என்று மூக்கு வழியாக ஒரு சத்தம் எழுப்பினான். அது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. மிளகாய் சிரிக்கவில்லை. அதற்காக அவள் உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

"இந்தா." தன் திருப்புளியை நீட்டினாள். "கைப்பிடியக் காதுல ஒட்டிக்கோ. முனைய எங்க வேணா வை. நீயே கேளு. நான் தொட மாட்டேன்."

டேப்பு முனையைத் தையல் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தான். அப்பா மிதித்தார். டேப்பின் கண் விரிந்தது. "உள்ள ஒரு ரயிலே ஓடுது."

"கிட்டார்ல வை."

தப் என்ற சத்தம்தான் உள்ளேயும். "போர்வையப் போத்திக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு" என்றான்.

"பஞ்சு" என்றாள் மிளகாய் ஈனக்குரலில். "பஸ் சீட்டோட பஞ்சு."

முதலில் மூடியைத் திறக்க வேண்டும். டேப்பு கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஒரு மழுங்கிய கத்தியை விளிம்பில் நுழைத்து மெதுவாக நெம்பினான். நல்ல பசை அது. பேருந்துக் கண்ணாடிக்குப் போடுகிற பசை. இன்னும் கொஞ்சம் நெம்பினான்.

படக்.

மூடி வந்துவிட்டது. ஆனால் தொப்பியிலிருந்து மீசை வரைக்கும் ஒரு நீண்ட விரிசல்.

டேப்பு அந்தப் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்தான். "சின்ன வயசுல இவர்கிட்டதான் பேசிட்டு இருப்பேன்."

"என்ன பேசுவ?"

"எல்லாம். நீ பக்கத்துல வந்து உக்காரறதுக்கு முன்னாடி."

மிளகாய்க்குக் கண் எரிந்தது. வழக்கமாக மிளகாய் மற்றவர்கள் கண்ணைத்தான் எரிய வைக்கும். புறங்கையால் துடைத்துக்கொண்டு, பெட்டிக்குள்ளிருந்த பஞ்சை ஒரு துணுக்கு விடாமல் பிடுங்கினாள்.

"இந்த மூடிய ஒட்டினாலும் பழைய மாதிரி பேசாது" என்றான் டேப்பு. விரலால் தட்டிப் பார்த்தான். தொட். சட்டத்தை உருவிவிட்டு, காலிப் பெட்டியைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினான். பக்கவாட்டில் டக். அடிப்பலகையில் டொங்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொரு தடவ தட்டு" என்றாள். அவன் தட்டினான். டொங். அவன் புத்தகப் பைக்குள் கைவிட்டு, அடியிலிருந்து நாடாவை எடுத்தான். மூடியின் கனத்தை அளந்தான். அடிப்பலகையின் கனத்தை அளந்தான்.

"அடிப்பலக பாதி கனம்தான்" என்றான். "மெல்லிசா இருக்கிறதுதான் நல்லா அதிரும். பெட்டியக் கவுத்துப் போட்டா?"

"அடிதான் இனி மேல" என்றாள் மிளகாய். அப்புறம் அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள், "உனக்குச் சரின்னா."

அவன் கவிழ்த்துப் போட்டான். சட்டம் நுழைய இந்தப் பக்கமாகப் புதிய ஓட்டைகள் அறுத்தான். பழைய ஓட்டைகளை அடைக்கவில்லை, சத்தம் போகவரட்டும் என்று விட்டுவிட்டான். சட்டத்தை உள்ளே நுழைத்துவிட்டுத் திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டான். நெற்றி சுருங்கியது.

"பலக மூச்சு முட்டுது. சட்டம் அதத் தொட்டுக்கிட்டே இருக்கு. முதல்லயே இந்தத் தப்பு இருந்திருக்கு. எனக்குத் தெரியல."

தேய்த்தால் போதும் என்று மிளகாயின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினாள். அவன் சட்டத்தை வெளியே உருவி, பெட்டிக்குள் மறையும் பகுதியில் மட்டும் அரத்தால் தேய்த்து ஒரு பள்ளம் உண்டாக்கினான். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு நாணயம் நுழைகிற இடைவெளி. அவன் தேய்க்க, அவள் மரத்தூளை ஊதினாள். ஒரு முறை அவன் முகத்திலேயே ஊதிவிட்டாள். அவன் தும்மினான். 

விரிசல் விட்ட மூடியை ஒட்டி முதுகுப்பக்கம் வைத்தான். மீசைக்காரர் இனி வாசிக்கிறவனின் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கம்பிகளை ஏற்றி முறுக்கினான்.

டொய்ய்ய்ங்.

அப்பா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அது கடையைத் தாண்டித் தெரு வரைக்கும் போன சத்தம். சுத்தமாக, தெளிவாக.

"நல்லாயிருக்கு" என்றான் டேப்பு. நல்லாயிருக்கிறது என்று சொல்கிற முகம் இல்லை அது.

"உர்ர் இல்ல" என்றாள் மிளகாய் மெதுவாக.

"ம். கீலு இப்ப பின்னாடி போயிடுச்சு. நீயும் அத முடுக்கிட்ட."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் மறுபடி மறுபடி தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். டொய்ய்ங். டொய்ய்ங். டொய்ய்ங்... ம்ம்ங்ங்.

"அசையாத" என்றாள் மிளகாய்.

"என்ன?"

"கைய எடுக்காத. அங்கயே இரு." அவள் தரையில் மண்டியிட்டு, காதைக் குதிரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "மறுபடி தட்டு."

டொய்ங்... ம்ம்ங்ங்.

கம்பிக்கும் டூத் பிரஷ் கைப்பிடிக்கும் நடுவே ஒரு துண்டுச் சிவப்பு நூல் மாட்டியிருந்தது. தையல் கடையில் நூல் இல்லாத இடம் ஏது? அப்பாவின் மடியிலிருந்தோ மேசையிலிருந்தோ பறந்து வந்திருக்கும்.

அவள் கை அதை எடுக்க நீண்டது. பாதி வழியில் நின்றது. அவள் கையைப் பின்னுக்கு இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எடுக்கணுமா, இருக்கட்டுமா? நீதான் சொல்லணும்."

டேப்பு நூலை உருவிவிட்டுத் தட்டினான். டொய்ங். திரும்ப நுழைத்துத் தட்டினான். ம்ம்ங்ங். ஒரு மயிரிழை நகர்த்தினான். உர்ர் மெலிந்தது. இன்னும் கொஞ்சம். தடித்தது.

"எவ்ளோ வேணும்னு நானே வெச்சுக்கலாம் போலிருக்கு" என்றான் ஆச்சரியமாக.

"பழைய உர்ர் மாதிரியே இருக்கா?"

அவன் பொய் சொல்கிற பையன் இல்லை. கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தான். "இல்ல. அது வேற. அது இனி வராது." பிறகு மற்ற இரண்டு கம்பிகளுக்கும் நூல் வெட்டினான். "இதுவும் பரவால்ல."

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் டீச்சர் புத்தகத்தை மூடினார். டேப்பு கையைத் தூக்கவில்லை. 'போடா, போய் வாசி' என்று சொல்ல மிளகாய்க்கு வாய் பரபரத்தது. ரப்பரைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் அவன் போகவில்லை. அவளிடம் ரப்பரே மிச்சமில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அவளிடம் எதுவும் சொல்லாமல், அவன் எழுந்தான்.

"ஈப்பெட்டி வருது, ஈப்பெட்டி வருது." பின் பெஞ்சு "உர்ர்ர்" என்று ஆரம்பித்தது.

மிளகாய் திரும்பி அவர்களை முறைக்கப் பார்த்தாள். முடியவில்லை. அந்த உர்ர்ரை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சிலர் அவனை வருடக் கடைசி வரை அப்படித்தான் கூப்பிடப்போகிறார்கள். அதை எந்தத் திருப்புளியாலும் கழற்ற முடியாது.

டேப்பு நூலைச் சரிபார்த்தான். இந்த முறை கண்ணை மூடவில்லை. வாசித்தான்.

டொய்ங்... ம்ம்ங்ங். சத்தம் பின் பெஞ்சைத் தாண்டிப் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. ஒவ்வொரு சுரமும் முடிந்த பிறகும் போக மனமில்லாததுபோல் அந்த முனகல் காற்றில் நின்றது. பின் பெஞ்சு உர்ர் சொல்வதை எப்போது நிறுத்தியது என்று யாருக்கும் தெரியவில்லை.

மெட்டு முடிந்தது.

யாரும் கை தட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. குகை திரும்பி மிளகாயைப் பார்த்தான். காளான் பார்த்தாள். பின் பெஞ்சு பார்த்தது. இது நல்லாயிருக்கா, வேடிக்கையா இருக்கா என்று அவள் சொன்னால்தான் வகுப்புக்கே தெரியும்போல, ஒவ்வொரு தலையாக அவள் பக்கம் திரும்பியது. டேப்பு மட்டும் அவளைப் பார்க்கவில்லை. கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது.

மிளகாயின் நாக்கில் மூன்று ஜோக்குகள் தயாராக இருந்தன. மூன்றும் அருமையானவை. அவற்றில் ஒன்றையாவது இங்கே எழுதிவிட எனக்கே கை துறுதுறுக்கிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

"இன்னொண்ணு வாசி" என்றாள்.

டேப்பு நிமிர்ந்தான். "ஒண்ணுதான் தெரியும்."

"அப்ப அதையே வாசி."

அவன் சிவப்பு நூலை ஒரு மயிரிழை நகர்த்தி, அதையே மறுபடியும் வாசித்தான். இந்த முறை அவசரமில்லாமல், ஒவ்வொரு ம்ம்ங்கும் முழுசாக அடங்கும்வரை காத்திருந்து.